ஞாயிற்றுக்கிழமை மாத்திரை

ஈரப் படுக்கை விரிப்பை ஒற்றை ஆளாகப் பிழிய முடியாது. ஒருத்தர் இந்த முனையைப் பிடித்தால் இன்னொருத்தர் அந்த முனையைப் பிடித்து எதிர்ப்பக்கம் முறுக்க வேண்டும். முறுக்க முறுக்கத் துணி கயிறாகும், கயிறு கட்டையாகும், தண்ணீர் கடகடவென்று கொட்டும். முப்பது வருஷமாக அந்த மறுமுனையில் ருக்குமணி நின்றாள். மூன்று வாரமாக அங்கே ஓர் இரும்புத் தூண் நிற்கிறது. விரிப்பின் ஒரு தலைப்பைத் தூணில் சுற்றிக் கட்டிவிட்டு, இந்தப் பக்கம் நின்று நல்லமுத்து தனியாக முறுக்கிக்கொண்டிருந்தான்.

தூண் நல்ல தூண்தான். களைக்காது, இருமாது. ஆனால் எப்போது விட்டுக்கொடுக்க வேண்டும் என்று அதற்குத் தெரியாது. அதனால் நேற்று ஒரு விரிப்பு நடுவில் கிழிந்து போனது.

எழுபத்தொன்பதாம் வருஷம், அக்டோபர் மாதம். ஆயர் ஈத்தாம் ஆற்றோரத்துச் சலவைத் துறையான டோபி காட்டில் வெயில் இருக்கும்போதே துணி காயவேண்டும். இரண்டு மணிக்குக் கொடிமலை கறுத்தால் மூன்று மணிக்கு மழை. காலையில் பெரிய அண்டாவில் சோடா உப்பைப் போட்டு அவித்து, கல்லில் அடித்து, அலசி, நீலம் போட்டு, பிழிந்து, கொடியில் ஏற்றி, மலை கறுக்கும் முன்னால் இறக்கியாக வேண்டும். இரண்டு ஆள் வேலையை ஓர் ஆள் செய்தால் மழைதான் ஜெயிக்கும்.

அடுத்த தொட்டியில் நின்ற தங்கராஜு எட்டிப் பார்த்தான்.

"அண்ணே, தூணுக்கு எவ்வளவு சம்பளம்?"

"ஒனக்குக் குடுக்கிறதவிடக் கம்மி. வாயும் கெடையாது."

"கூப்பிட்டா நான் வரமாட்டேனா?"

"வருவே. ஒரு விரிப்பு பிழிஞ்சிட்டு ஒம்போது கேள்வி கேப்பே."

"கேட்டா என்ன? அக்கா எப்படியிருக்குன்னு கேக்கக் கூடாதா?"

"இருக்கா. போ, ஒன் அண்டா பொங்குது பாரு."

தங்கராஜு முகத்தைத் திருப்பிக்கொண்டு போனான். அவன்மேல் நல்லமுத்துவுக்குக் கோபம் ஒன்றும் இல்லை, பயம்தான். ஊரிலேயே நல்லமுத்துவின் ரகசியம் தெரிந்த ஒரே வெளியாள் அவன்.

ரகசியம் இதுதான். இரண்டரை வருஷத்துக்கு முன்னால் ருக்குமணி இருமி இருமி, ஒருநாள் ஹோட்டல் விரிப்பு ஒன்றின் வெள்ளையில் ரத்தம் துப்பினாள். விரிப்பை மூன்று முறை அவித்துக் கறையை எடுத்துவிட்டார்கள், நோயை எடுக்க முடியவில்லை. கிளினிக்கில் காசநோய் என்று எழுதிவிட்டார்கள். இரண்டு மாதம் தினமும் காலையில் ஊசி, அப்புறம் ஒன்றரை வருஷம் மாத்திரை. கையோடு ஒரு துண்டுச் சீட்டையும் கொடுத்து, வீட்டில் இருக்கிற ஆளும் நெஞ்சுப் படம் எடுக்க வேண்டும் என்றார்கள். அந்த வீட்டில் பிள்ளை குட்டி கிடையாது, இருந்த ஆள் நல்லமுத்து மட்டும்தான்.

நல்லமுத்துவும் அப்போது இருமிக்கொண்டுதான் இருந்தான். விடிகாலையில் சட்டை நனையும் அளவுக்கு வேர்த்தது. படம் எடுத்தால் என்ன வரும் என்று அவனுக்குப் படம் எடுக்காமலே தெரியும். பெண்டாட்டிக்கு நோய் என்றால் அவளைத் துணிப் பக்கம் விடவில்லை என்று சொல்லிச் சமாளிக்கலாம். டோபிக்கே நெஞ்சுநோய் என்றால் எந்த வீட்டுக்காரி உள்பாவாடையைக் கொடுப்பாள்? அதோடு அரசாங்கத்துக்காரன் எழுதுகிற காகிதம் எதுவும் ஏழைக்கு நல்லதற்காக எழுதப்பட்டதாக அவன் பார்த்ததில்லை. மூன்றாம் வகுப்போடு படிப்பை விட்டவனுக்குக் காகிதத்தைக் கண்டாலே ஆகாது.

அதனால் சீட்டைத் தங்கராஜு கையில் கொடுத்து அனுப்பினான்.

"என் பேரைச் சொல்லு. சட்டையைக் கழட்டு. மூச்சை இழுத்துப் பிடின்னா பிடி. அவ்வளவுதான்."

திரும்பி வந்த தங்கராஜு சிரித்தான்: "ஒன் நெஞ்சு சுத்தமா இருக்குதாம் அண்ணே. இந்த வயசுல இப்படியொரு நெஞ்சான்னு அந்த நர்ஸ் மிஸ்ஸி பாராட்டுச்சு."

கிளினிக் கணக்கில் நல்லமுத்து நோயில்லாதவன் ஆனான். ஆனால் ருக்குமணியிடம் தங்கராஜுவின் நெஞ்சைக் காட்டித் தப்பிக்க முடியுமா? ஒரே பாயில் படுத்தவள். ஊசி முடிந்து மாத்திரை தொடங்கிய அன்றே மைலோ டின்னிலிருந்து நான்கு வெள்ளை மாத்திரையை எடுத்து அவன் உள்ளங்கையில் வைத்தாள்.

"இது எதுக்கு?"

"ஒரு நாளைக்கு எட்டு குடுத்திருக்காங்க. நாலு ஒங்களுக்கு, நாலு எனக்கு."

"ஒனக்குக் குடுத்தத நான் திங்கிறதா?"

"எட்டும் தின்னா வவுறு எரியுமுங்க. வீணாப் போறத நீங்க போட்டுக்குங்க. யாருக்குத் தெரியப் போவுது?"

கஞ்சி குடித்ததும் நான்கு மாத்திரை. அவள் தன் பங்கை விடிகாலையிலேயே போட்டுக்கொண்டதாகச் சொல்வாள். ஞாயிற்றுக்கிழமை மட்டும் டின் இறங்காது. ஈரலுக்கு ஓய்வு வேண்டுமாம், மருந்துக்கு அன்றைக்கு லீவாம். நல்லமுத்துவுக்கு இது பிடித்துப் போயிற்று. "மாத்திரைக்கே லீவு இருக்கு. டோபிக்குத்தான் இல்லை" என்று ஒவ்வொரு ஞாயிறும் சொல்லுவான். ஒவ்வொரு ஞாயிறும் அவள் சிரிப்பாள்.

ஆறு மாதத்தில் அவன் இருமல் நின்றது. உடம்பில் சதை பிடித்தது. ருக்குமணிக்கு மட்டும் விட்டு விட்டு வந்தது. பெண் உடம்பு, பச்சைத் தண்ணீரில் நிற்கிறவள் என்று அவன் ஒரு காரணம் சொல்லிக்கொண்டான். ஒன்றரை வருஷம் முடிந்து மாத்திரையை நிறுத்திய மூன்றாம் மாதம் மறுபடி ரத்தம். கிளினிக்கில் அவள் சளியை வாங்கிக்கொண்டு பழைய மாத்திரையையே திரும்பக் கொடுத்தார்கள். இந்தத் தடவை அவன் வேண்டாம் என்றுவிட்டான், எல்லாம் அவளே விழுங்கினாள். நோய் கேட்கவில்லை. கடைசியில் எலும்பும் தோலுமாக ஆஸ்பத்திரி நெஞ்சு வார்டில் கொண்டுபோய்ப் படுக்க வைத்தான்.

*

வியாழக்கிழமை மாலை சைக்கிளை மிதித்துக்கொண்டு போனபோது வார்டு வராந்தாவிலேயே நர்ஸ் மிஸ்ஸி அவனை நிறுத்தினாள்; சித்தி ஹாஜரா என்று பேர். மலாய்க்காரப் பெண், நல்ல மாதிரி. மலாயில்தான் பேசினாள், மாமா என்கிற மாதிரி அவனைப் பாக்சிக் என்பாள். அவனுக்கும் சந்தை மலாய் வரும்.

"பாக்சிக், உங்க சம்சாரம் பொய் சொல்றாங்க. டாக்டருக்கு ரொம்பக் கோபம்."

"என்ன பொய்?"

"மாத்திரை எல்லாம் ஒழுங்கா சாப்பிட்டேன்கிறாங்க. லேப் ரிசல்ட் வந்திருக்கு. ஒழுங்கா சாப்பிட்ட ஆளோட கிருமி இல்லை அது. புது மருந்து ஒண்ணு இருக்கு, விலை ஜாஸ்தி, கொஞ்சம்தான் வருது. மாத்திரையைத் தூக்கிப் போடுற ஆளுக்கு அதைக் குடுத்து, அந்தக் கிருமியும் இந்த மருந்துக்குப் பழகிட்டா அப்புறம் யாருக்குமே உதவாதுன்னு டாக்டர் சொல்றாரு. திங்கக்கிழமை முடிவு பண்ணுவாரு."

"குடுக்கலேன்னா?"

மிஸ்ஸி கையில் இருந்த தட்டை நேராக்கிக்கொண்டு போய்விட்டாள்.

உள்ளே ருக்குமணி சுவரைப் பார்த்துப் படுத்திருந்தாள். தோள்பட்டை எலும்பு சட்டைக்குள் கொக்கிபோல நீட்டிக்கொண்டிருந்தது. இவன் வந்தது தெரிந்தும் திரும்பவில்லை. பக்கத்துக் கட்டில்காரிக்குக் கேட்காமல் மெதுவாகச் சொன்னாள்.

"திட்டினா திட்டிட்டுப் போறாங்க. நீங்க வாயைத் தொறக்காதீங்க. தொறந்தா டோபி காட்டுல ஒரு துணி விழாது."

"புது மருந்து தரமாட்டேன்கிறானாமே."

"தராட்டிப் போவுது. சாப்பிட்டீங்களா?"

"ரொட்டி தின்னேன்."

"சோறு ஆக்குங்க. ஒரு ஆளுக்கு ஒரு டின்னு அரிசி போதும்."

கஞ்சி வண்டி வந்து, மணி அடிக்கும்வரை அவன் அங்கேயே உட்கார்ந்திருந்தான்.

வெளியே நடையில் கார்த்திகேசு எதிர்ப்பட்டார். ஆஸ்பத்திரி லேபில் இருபது வருஷமாக வேலை. சிலோன்காரர், நல்லமுத்துவின் பதினைந்து வருஷ வாடிக்கை. வாரம் ஆறு வெள்ளைக் கால்சட்டை, ஆறு சட்டை. கஞ்சி போட்டுக் கத்திபோல மடிப்பு நிற்கவேண்டும், நில்லாவிட்டால் வீட்டம்மா புஷ்பராணி திருப்பி அனுப்பிவிடுவாள். கிராணி என்கிற ஆபீஸ் குமாஸ்தா வேலைக்கென்றே பிறந்த மாதிரி நடந்துகொள்கிற இந்தச் சிலோன்காரர்களை நல்லமுத்து பெரிதாக நம்பமாட்டான். ஆனால் இவர் ஒருநாளும் துணியைக் குறைத்து எண்ணியதில்லை.

"நல்லமுத்து, உம்மட மனுசியின்ர விசயம் கேள்விப்பட்டன். இஞ்ச வாரும், ஒரு சாமான் காட்டுறன். ஒண்டையும் தொடாதையும்."

லேபுக்குள் ஓர் ஆள் உயர அலமாரி. திறந்ததும் வெதுவெதுப்பான காற்று அடித்தது. உள்ளே சின்னச் சின்னக் கண்ணாடிப் போத்தல்கள் சாய்த்து அடுக்கியிருந்தன. ஒவ்வொன்றிலும் பாதிக்குப் பச்சையாக ஏதோ உறைந்திருந்தது. மூடியை இறுக்கிய நான்கு போத்தலை எடுத்து ஒரு தட்டில் வைத்தார்.

"முட்டையை அடிச்சுப் பச்சைச் சாயம் சேர்த்து அவிக்கிறது. கிருமிக்கு இதுதான் சோறு. மெல்லமாத்தான் வளரும், மாசக் கணக்கா. இது உம்மட மனுசியின்ர சளி. பாரும்."

பச்சையின்மேல் ரொட்டித் தூளைத் தூவிய மாதிரி வெளிர் மஞ்சளாகப் பொருபொருவென்று ஏறியிருந்தது. இதுவா அவளுக்குள்ளே இருக்கிறது?

"இது மருந்து கலக்காத வெறும் போத்தல், வளரத்தான் வேணும். ரெண்டாவது போத்தல்ல ஊசி மருந்து கலந்திருக்கு. வெறுமையாக் கிடக்கு, சரி. மூண்டாவதில அவ விழுங்கின மாத்திரை மருந்து கலந்திருக்கு. இதில ஒண்டும் முளைக்கக் கூடாது."

மூன்றாவதிலும் ரொட்டித் தூள் நிறைந்து கிடந்தது.

"மருந்துக்கு மேலயே குந்தியிருந்து வளருது. நாலாவது அந்தப் புது மருந்து. பாரும், ஒண்டுமில்லை. அதுக்குச் சாகுது."

"மாத்திரைக்கு மட்டும் ஏன் சாவலை?"

"கோடிக் கிருமியில ஒண்டு ரெண்டு பிறக்கும்போதே அந்த மருந்துக்கு அசையாததா இருக்கும். ஒழுங்கா எல்லா மருந்தையும் சேர்த்து விழுங்கினா ஒண்டுக்குத் தப்பினதை மற்றது கொல்லும். விட்டு விட்டு விழுங்கினா என்ன நடக்கும்? சாகிறது செத்துப்போகும். தப்பினது தனியா இருந்து பெருகும். பிறகு நெஞ்சு முழுக்க அதின்ர பிள்ளையள்தான்."

நல்லமுத்து அண்டாவை நினைத்தான். அரை அவியலில் எடுத்த துணி பார்வைக்குச் சுத்தமாகத்தான் இருக்கும். மடித்து வைத்தால் மூன்றாம் நாள் வீச்சம் எடுக்கும். அப்புறம் எத்தனை தடவை அவித்தாலும் அந்த வீச்சம் போகாது. இது அவனுக்குப் படிக்காமலே விளங்கியது.

"அப்ப அரை மருந்து தின்னா இப்பிடித்தான் ஆவுமா ஐயா?"

"அரையோ காலோ, ஒழுங்கில்லாட்டில் இப்பிடித்தான். என்ன மனுசியப்பா? எங்க கொண்டுபோய்க் கொட்டினவ?"

கொட்டினவளாம். நல்லமுத்துவின் கண் கார்த்திகேசுவின் கால்சட்டையில் நின்றது. அவன் கஞ்சி, அவன் மடிப்பு. இந்த மனுஷனிடம் சொன்னால் நாளைக்கே புஷ்பராணிக்குத் தெரியும், மறுநாள் அந்தத் தெருவில் இருக்கிற ஏழு வீட்டுக்கும் தெரியும். வாயை மூடிக்கொண்டு வெளியே போய் சைக்கிளை எடுத்தால் துணி தப்பும். திங்கட்கிழமை டாக்டர் முடிவு சொல்வார்.

"அவ கொட்டலை" என்றான். "பாதிய நான் தின்னேன்."

கார்த்திகேசு ஓர் அடி பின்னால் நகர்ந்தார். நல்லமுத்து அதைக் கவனித்தான். கவனித்துக்கொண்டே மீதியையும் சொன்னான். தங்கராஜுவைப் படம் எடுக்க அனுப்பியது, விடிகாலை வேர்வை, மைலோ டின் எல்லாவற்றையும்.

"எட்டுல நாலு எனக்கு, நாலு அவளுக்கு."

"எட்டோ? எட்டு எண்டு ஆர் சொன்னது?"

"அவதான்."

கார்த்திகேசு மேசைமேல் கிடந்த கார்டை எடுத்துத் திருப்பிப் பார்த்தார். மறுபடியும் பார்த்தார்.

"நல்லமுத்து, ஒரு நாளைக்கு மொத்தமே நாலு மாத்திரைதான். கார்டில கிடக்கு. நீர் எத்தினை விழுங்கினனீர்?"

"நாலு."

கார்த்திகேசு கார்டை மேசைமேல் வைத்தார்.

"தினமுமோ?"

"ஞாயித்துக்கிழமை தவிர. ஞாயித்துக்கிழமை மருந்துக்கு லீவு இல்லையா?"

"இந்த மருந்துக்கு லீவு எண்டு ஒண்டு கிடையாது" என்றார் கார்த்திகேசு. குரல் அடங்கிப் போயிருந்தது. "ஏழு நாளும் விழுங்க வேணும். ஆறு நாளும் முழு மருந்தை விழுங்கினது நீர். மிச்சம் இருக்கிறது ஒரு நாள்."

ஒன்றரை வருஷத்து ஞாயிற்றுக்கிழமைகள் ஒவ்வொன்றாக வந்து அவன் முன்னால் நின்றன. மாத்திரைக்கே லீவு இருக்கு என்று அவன் சொன்ன கேலி. அதற்கு அவள் சிரித்த சிரிப்பு.

*

வெள்ளிக்கிழமை அவனே சட்டையைக் கழற்றி, அவனே மூச்சை இழுத்துப் பிடித்துப் படம் எடுத்துக்கொண்டான். மூன்று நாள் காலைச் சளியைச் சின்ன டப்பாவில் கொண்டுபோய்க் கொடுத்தான். படத்தில் வலது பக்கம் மேலே ஓர் ஆறிய தழும்பு இருக்கிறதாம். கண்ணாடிக்குக் கீழே வைத்துப் பார்த்ததில் கிருமி ஒன்றும் இல்லையாம். போத்தலில் போட்டு எட்டு வாரம் பொறுத்துத்தான் உறுதியாகச் சொல்ல முடியும், ஆனால் ஆள் தப்பிவிட்டான் என்றார் டாக்டர். அதைச் சொல்லும்போது அவனை ஒரு பார்வை பார்த்தார். திட்டியிருந்தால் நன்றாக இருந்திருக்கும்.

செய்தி அவன் நினைத்ததைவிட வேகமாகப் போனது. திங்கட்கிழமைக்குள் நான்கு வீடு துணியை நிறுத்தியது. ஹோட்டல்காரன் கணக்கை முடித்துக்கொண்டான். புஷ்பராணி மூட்டையைக் கொடுக்கவும் இல்லை, வராதே என்று சொல்லவும் இல்லை, கதவைத் திறக்கவில்லை. தங்கராஜு டோபி காட்டில் எல்லாருக்கும் முன்னால் கத்தினான்.

"ஒனக்காகப் பொய் சொன்னேன், என்னையே மாட்டி விட்டுட்டியே! கிளினிக்குக்காரன் என்னைக் கூப்பிட்டு விசாரிக்கிறான் அண்ணே!"

"விசாரிச்சா சொல்லு. நான் அனுப்பினேன்னு சொல்லு."

"அக்காவுக்கு என்னா ஆவும்?"

"தெரியலைடா."

தங்கராஜு தன் கல்லுக்குப் போனான்.

புது மருந்து தருவது என்று முடிவாயிற்று. ஒரு நிபந்தனை: தினமும் காலை ஏழு மணிக்கு மிஸ்ஸியின் கண் முன்னால் விழுங்க வேண்டும். ஆறு மாதம் வார்டை விட்டு அசையக் கூடாது. அதற்குள் நெஞ்சில் எவ்வளவு மிஞ்சும் என்று டாக்டர் வாக்குக் கொடுக்கவில்லை.

முதல் நாள் ஆறரைக்கே நல்லமுத்து போய்விட்டான். நோயாளியைப் பார்க்க விடுகிற நேரம் இல்லை. சித்தி ஹாஜரா பார்த்தும் பார்க்காத மாதிரி விட்டாள். ருக்குமணி கட்டிலில் சாய்ந்து உட்கார்ந்திருந்தாள். அவனைக் கண்டதும் முகம் கடுத்தது.

"சொல்லிட்டீங்களாமே."

"ஆமா."

"எத்தினி வீடு போச்சு?"

"போச்சு. நாலுன்னு வை. நாலு நமக்குத் தெரிஞ்ச கணக்குத்தானே."

அவள் போர்வை நூலைப் பிய்த்தாள்.

"ஏன்டி எட்டுன்னே?"

"நாலுன்னா நீங்க தின்னிருக்க மாட்டீங்க."

"ரெண்டு ரெண்டாப் பிரிச்சிருக்கலாமில்லே?"

"அப்பிடித்தான் மொதல்ல நெனச்சேன். கிளினிக்குல ஒரு சீனத்திக்கு மிஸ்ஸி சொல்லிக்கிட்டிருந்துச்சு, கொறச்சுச் சாப்பிட்டா சாப்பிடாததுக்குச் சமம்னு. ரெண்டு பேரும் பாதி பாதி தின்னு ரெண்டு பேரும் போறதா? எனக்காச்சும் ஊசி போட்டிருந்தாங்க. அது தாங்கும்னு நெனச்சேன்." இருமல் வந்தது. துணியை வாயில் பொத்திக்கொண்டு முடியும்வரை இருமினாள். "நீங்க ஒரு ஊசிகூடப் போட்டுக்கலையே."

"அப்ப ஞாயித்துக்கிழமை?"

வெளியே மழை பிடித்துக்கொண்டது, காலை மழை. டோபி காட்டில் இன்றைக்கு யாருக்கும் வேலை இல்லை.

"ஞாயித்துக்கிழமை பயமா இருந்துச்சுங்க" என்றாள். "வேலை கம்மியா இருக்கும். ஒக்காந்தா நெனப்பு வந்துடும். அன்னிக்கு மட்டும் நான் போட்டுக்குவேன்."

அரசாங்கத்தை நம்பாமல், டாக்டரை நம்பாமல், தங்கராஜுவை நம்பாமல், உலகத்தில் ஒரே ஒருத்தியை மட்டும் நல்லமுத்து நம்பினான். அவள் கொடுத்ததை எண்ணிப் பார்க்காமல் வாயில் போட்டுக்கொண்டான்.

சித்தி ஹாஜரா தட்டோடு வந்தாள். சின்னப் பிளாஸ்டிக் கிண்ணத்தில் சிவப்பு மாத்திரைகள், பக்கத்தில் தண்ணீர். ருக்குமணி கிண்ணத்தை வாயில் கவிழ்த்துத் தண்ணீர் குடித்தாள். தொண்டை ஏறி இறங்கியது. மிஸ்ஸி கார்டில் கோடு போட்டுவிட்டுத் திரும்பினாள்.

"நில்லுங்க மிஸ்ஸி" என்றான் நல்லமுத்து மலாயில். "நாக்குக்கு அடியில பாருங்க. இவளை நம்பாதீங்க."

மிஸ்ஸி சிரித்துவிட்டாள். ருக்குமணி சிரிக்கவில்லை. புருஷனை முறைத்துக்கொண்டே வாயைத் திறந்தாள். நாக்கைத் தூக்கினாள். நல்லமுத்து கட்டில் கம்பியைப் பிடித்துக் குனிந்து, இடது கன்னம், வலது கன்னம், நாக்கின் அடி எல்லாவற்றையும் பார்த்தான். அவனுக்குக் கண் கலங்கிச் சரியாகத் தெரியவில்லை.

"இன்னொரு தடவை தூக்கு" என்றான்.